சட்டக்குடைக்குள் இரண்டு கைகள்

ஆட்டம் 52க்கு 4 என்று முடிந்தது. ஆனால் மாலை, மரியாதை, தலையங்கம், விமான நிலையத்தில் வரவேற்பு எல்லாம் அந்த நாலு புள்ளி எடுத்த அணிக்குத்தான்.

வடதுருவத்துக்கு அடுத்த வீட்டில் இருக்கிற குளிர்நாடு அது. ஆணை ஆணும் பெண்ணைப் பெண்ணும் விரும்புகிற உரிமைக்காக ஏழு பேரும் கையில் வானவில் பட்டை கட்டிக்கொண்டு கபடிக் களத்தில் இறங்கினார்கள். அவர்கள் நாட்டுச் சட்டப்படி அது பேச்சுரிமை. எதிரணிக்காரனை நெருங்கிவிட்டால் அவன் நாட்டுச் சட்டப்படி அது அரசியல் போராட்டம், ஆறு மாதம் உள்ளே. ஆகவே ரெய்டு போகிறவன் நடுக்கோட்டருகில் நின்று, பட்டையை அவிழ்த்து, மடித்து, இடுப்பில் செருகிக்கொண்டு போனான். திரும்பி வந்ததும் மறுபடி கட்டினான். அவிழ்க்க ஒன்பது நொடி, கட்ட ஒன்பது நொடி. ஒரு ரெய்டுக்கு உள்ளதே முப்பது நொடி. மிச்சப் பன்னிரண்டு நொடியில் கபடி ஆடினால் நாலு புள்ளி கிடைத்ததே அதிகம்.

எல்லாம் சட்டக்குடை செய்த வேலை. அது என்ன என்று என் மனைவி சுலோச்சனாவுக்குப் போனில் விளக்கினேன். அதற்கு மேல் எனக்கு விளக்கத் தெரியாது.

“போலீசு எங்க இருக்குது, சொல்லு?”

“ஸ்டேசன்ல.”

“அது நம்மூர்ல. இங்கெல்லாம் ஈ அளவுக்கு ஒரு கேமரா பறக்குது. பாக்கறதும் அதுதான், கேசு போடறதும் அதுதான், தீர்ப்புச் சொல்றதும் அதுதான். நடுவுல மனுசனே கிடையாது. சட்டம்ங்கறது அந்த ஈக்குள்ள ஏத்தி வெச்ச ஒரு புரோகிராம்.”

“செரி.”

“புரோகிராம்னா மாத்திக்கலாமல்ல? அதனால ஆட்டக்காரன், மேனேஜர், நடுவர்னு வர்றவன் தோள்பட்டையில எல்லாம் ஒரு பொத்தானைக் குத்தி உட்டுட்டாங்க. அவனைச் சுத்தி மூணு அடிக்கு, குடை புடிச்ச மாதிரி, அவன் நாட்டுச் சட்டம். பக்கத்துல வந்தா ஈ தானா சட்டத்தை மாத்திக்கும். போட்டி நடத்தற நாட்டுக்காரன் ‘எங்க மண்ணுல எங்க சட்டம்’னு கத்த வேண்டியதில்லை, வந்தவன் ‘எங்க பையனை எப்படிப் புடிப்பே’ன்னு கேக்க வேண்டியதில்லை. முப்பது வருசத்துச் சண்டை மூணடியில முடிஞ்சுது.”

“ரெண்டு பேரு ஒட்டி நின்னா?”

மாட்டுத் தரகர் வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டவள். எடுத்த எடுப்பிலேயே சொத்தைப் பல்லில் விரலை வைத்துவிட்டாள்.

“ரெண்டு குடையும் மேல மேல விழுந்தா, எந்தச் சட்டம் கடுசோ அது செல்லும்.”

“அப்பக் கபடி எப்படிங்க ஆடறது? ஒருத்தனை ஏழு பேரு அமுக்குவாங்களே.”

“அதுக்குத்தான் நான் இருக்கறேன்.”

இந்திய அணியின் குடைத் தரகர் சென்னியப்பன் என்பது நான். பொள்ளாச்சிச் சந்தையில் பல் பிடித்துப் பார்த்து வயது சொல்லும் குடும்பம் எங்களுடையது. ஆட்டத்துக்கு முன்னால் இரண்டு அணித் தரகர்களும் மேசையில் உட்கார்ந்து, இந்தச் சட்டத்தை நீ இன்றைக்குத் தளர்த்து, அந்தச் சட்டத்தை நான் தளர்த்துகிறேன் என்று பேசி முடிக்க வேண்டும். ஒரு நாட்டில் பொது இடத்தில் ஒரே சொல்லை ஐந்து தடவைக்கு மேல் சொல்லக் கூடாது. கோஷம் போட்டு ஆட்சியைக் கவிழ்த்துவிடுவார்களாம். அந்த நாட்டோடு ஆடும்போது எங்கள் பையன் “கபடி கபடி கபடி கபடி கபடி” என்று பாடிவிட்டு மூச்சை அடக்கிக்கொண்டு நின்றான். அந்தத் தடையைத் தளர்த்த வைக்க, எவனோ வெள்ளைக்காரன் எழுதி வைத்துவிட்டுப் போன எங்கள் சட்டம் மூன்றை நான் விட்டுக்கொடுத்தேன். மூன்றும் என்ன சட்டம் என்று இன்றுவரை எங்கள் அரசாங்கத்துக்கே தெரியாது.

அந்த வருடம் உலகக் கோப்பை சோலாரா என்ற தீவில் நடந்தது. இறுதி ஆட்டம் எங்களுக்கும் வெர்தானியாவுக்கும். மலை நாடு, சட்டத்தில் உலகத்திலேயே கடுசு. அதற்கு இரண்டு நாள் முன்னால், எங்கள் முதல் ரெய்டர் பரணிதரனை விசாரணைக்கு வரச் சொல்லி ஓலை வந்தது. குற்றச்சாட்டு: ஆட்டத்தை விற்றது.

விசாரணைக் குழுவில் மூன்று பேர். தலைவர் ஹில்டே என்ற அம்மா, ஓய்வு பெற்ற நீதிபதி, அந்த வானவில் பட்டை நாட்டுக்காரர். இடப்பக்கம் வெர்தானியாவின் பிரதிநிதி கோர்மெத். வலப்பக்கம் நான். மூவரும் ஒரே மேசையில் உட்கார்ந்தால்தான் விசாரணை செல்லும் என்பது விதி. மேசையும் டீக்கடை மேசை அளவுதான். எதிரே பரணி, அவனுக்குப் பத்தடி தள்ளி, களத்து மூலையில் நின்று காலைப் பிடிக்கிற வெர்தானியாவின் கார்னர் ஆட்டக்காரன் இலியான்.

காதில் ஆளுக்கொரு மொழிபெயர்ப்புக் கருவி. என்னுடையதை ஈரோட்டுத் தமிழில் வைத்திருந்தேன். அதனால் உலகத் தலைவர்கள் எல்லாரும் எனக்கு மரியாதை தெரிந்தவர்களாகவே கேட்டார்கள்.

“பாருங், இதுக்கு முந்தின ஆட்டங்கள்ல இந்தத் தம்பி இருபத்திரண்டு தடவை வெர்தானியா பக்கம் ரெய்டு போயிருக்குதுங்க,” என்றார் ஹில்டே அம்மா, சுவரில் படம் காட்டி. “பத்தொன்பது தடவை இலியான் ஒருத்தர்கிட்டயே மாட்டியிருக்குதுங்க. வேற எந்த நாட்டுக்காரனும் இந்தத் தம்பியத் தொட முடியலை. ஒதறிட்டுப் போற புடிதானுங்க. போகலை. முப்பது செகண்டும் அப்படியே கெடக்குது.”

படத்தில் பரணி விழுந்து கிடந்தான், இலியான் அவன் கணுக்காலைக் கட்டிக்கொண்டிருந்தான். இரண்டு பேர் முகத்திலும் இறுதிச் சுற்று ஆடுகிறவனின் கடுமை இல்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பாயில் படுத்தவன் முகம்.

“ஆட்டத்தை வித்தீங்களா தம்பி?”

பரணியின் பார்வை பத்தடி தள்ளிப் போய்த் திரும்பியது.

“வேற ஏதாச்சும் காரணம் இருக்குதுங்களா? அதாவது, உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல...”

கோர்மெத்தின் தலைக்கு மேல் சுற்றிய ஈ கீச்சென்று கத்தியது. அவருடைய மூன்றடிக்குள் அந்தப் பேச்சை எடுப்பதே குற்றம். வெர்தானியச் சட்டம் 213. அம்மா நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு போய் மூன்றடி தாண்டியதும் மறுபடி வாயைத் திறந்தார்.

“மேசையை விட்டுப் போனா விசாரணை செல்லாதுங்க,” என்றார் கோர்மெத், வருத்தமாகவே.

அம்மா நாற்காலியை இழுத்துக்கொண்டு திரும்பி வந்தார். ஊரெல்லாம் உரிமைக் கூட்டத்தில் பேசுகிறவர். கடைசியில் கேட்க வேண்டிய இடத்தில் கேட்க முடியவில்லை. தண்ணீர் குடித்துவிட்டுப் பத்து நிமிடம் இடைவேளை விட்டார்.

வராந்தாவில் பரணியைத் தள்ளிக்கொண்டு போனேன். அங்கே எங்கள் இருவர் குடை மட்டும்தான்.

“காசு வாங்கலீங்ணா,” என்றான்.

“காசு வாங்குனவன் மூஞ்சி எனக்குத் தெரியாதாடா? அப்பறம் ஏன்டா கெடந்தே?”

அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான். குடை வருவதற்கு முந்தின வருடம் இலியான் கோயம்புத்தூர் லீக்கில் ஆட வந்திருக்கிறான். சிங்காநல்லூரில் ஒரே அறை. மூன்று மாதம். அதற்குப் பிறகு எல்லா ஆட்டக்காரர்களுக்கும் பொத்தான் குத்தினார்கள். குத்தினால் எடுக்க முடியாது. ஓய்வு பெறும்வரை தூங்கும்போதும் இருக்கும்.

“பாதுகாப்புக்குன்னு குடுத்தாங்ணா. இப்ப அவன் சிங்காநல்லூருக்கே வந்தாலும் அவன் நாடு, ஈயோட, கூடவே நடந்து வருது. கை குலுக்கலாம், நாலு செகண்டு. அதுக்கு மேல போனா கேசு. ஆனா பதினாலாம் விதின்னு ஒண்ணு இருக்குதல்லங்ணா, ரெய்டு ஆரம்பிச்சு முடியற வரைக்கும் தொடறது ஆட்டம்னு? ஒலகத்துல நாங்க தொட்டுக்க முடியற ஒரே எடம் அதுதாங்ணா. முப்பது செகண்டு.”

“ஆட்டத்துல தோக்கறமேடா,” என்றேன்.

“மத்தவங்ககிட்ட ரெட்டைப் பங்கு எடுத்துக் குடுத்தர்றேன்ல?” என்றான். அது உண்மைதான். “வித்தேன்னே ஒத்துக்கறேங்ணா. எங்க ரெண்டு பேருக்கும் ஆயுள் தடை வரும். வரட்டும். உண்மையச் சொன்னா எனக்கு ஒண்ணுமில்லை, அவனுக்குப் பதினாலு வருசம் ஜெயில்.”

“நீ வாயத் தொறக்காதே. நான் பேசறேன்.”

உள்ளே வந்தேன். கோர்மெத் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். அவருக்கும் இது வில்லங்கம்தான். ஆட்டம் விற்பனை என்று தீர்ப்பானால் அவர் அணி இறுதி ஆட்டத்தை இழக்கும். மற்றது என்றால் தன் நட்சத்திர ஆட்டக்காரனைத் தானே பிடித்துக் கொடுக்க வேண்டும். இரண்டும் வேண்டாம் என்பது அவர் கண்ணில் எழுதியிருந்தது. விற்கவும் மனமில்லாமல் ஓட்டிக்கொண்டு போகவும் மனமில்லாமல் சந்தை மூலையில் நிற்கிறவனின் கண்.

ஆனால் எதைப் பேசுவது? பேசினால் ஈ கத்தும். எழுதினால் படம் பிடிக்கும். அவர் வாயிலிருந்து வருகிற எந்தச் சலுகையும் அந்த நொடியே அவர் நாட்டின் கொள்கையாகப் பதிவாகிவிடும்.

என் கை தானாகத் தோளுக்குப் போனது. துண்டை எடுத்து உதறினேன்.

“ஏனுங்க கோர்மெத், எங்கூர்ல மாடு எப்படி வெலை பேசுவோம் தெரியுங்களா? துண்டுக்கு அடியில கையப் புடிச்சுக்குவோம். விரலை அமுக்கறதுதான் வெலை. பக்கத்துல நிக்கறவனுக்கு ஒண்ணும் தெரியாது. ஒரு வெரலுன்னா ஒண்ணு. ஒரு காளை இருக்குதுங்க, அடிக்கடி பக்கத்துக் காட்டுக்குப் போயிருது. அதை எத்தனை வருசம் கட்டிப் போடறதுன்னு பேசலாங்களா?”

மாட்டைப் பற்றி வெர்தானியாவில் சட்டம் எதுவும் இல்லை. ஈ பேசாமல் சுற்றியது. கோர்மெத் ஒரு கணம் யோசித்துவிட்டு, கையைத் துண்டுக்குள் நீட்டினார்.

மெலிந்த கை, குளிர்ந்திருந்தது. ஐந்து விரலையும் அமுக்கி, விட்டு, மறுபடி ஐந்தையும் அமுக்கினார்: பத்து வருடம். நான் சுண்டுவிரலின் நுனியை மட்டும் தொட்டேன். அவர் சிரித்தார். எனக்குச் சந்தோஷம் வந்துவிட்டது. இவர் விலை பேசத் தெரிந்தவர்! எட்டு, அரை, ஆறு, ஒன்று என்று போனது. ஹில்டே அம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றுக்கு வந்தார். நான் கையை உருவுவதுபோல் இழுத்தேன், அவர் பிடித்து நிறுத்தினார். கடைசியில் முஷ்டியை மூடினார். பூஜ்யம்! தடையே இல்லை!

ஆனால் வெறுங்கையோடு எழுந்தால் அவருக்கு மரியாதை இல்லையே. என் உள்ளங்கையில் நகத்தால் ஒரு கோடு கிழித்தார். கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு புள்ளி, இந்தப் பக்கம் ஒரு புள்ளி. ஒரு புள்ளியைத் தேய்த்து அழித்தார். அதாவது, இனி இருவரும் ஒரே நேரத்தில் களத்தில் இறங்கக் கூடாது.

காய் வாங்கினால் கறிவேப்பிலை கேட்கிறார் என்று நினைத்தேன். கொசுறு. கொடுத்துவிட்டேன். கை விட்டோம். விலை படிந்தது.

“காளை சாதுவாத்தான் இருக்குதுங்க,” என்று கோர்மெத் அறிவித்தார். “குற்றச்சாட்டுக்கு ஆதாரம் பத்தலைங்க.” அம்மா பெருமூச்சு விட்டுக் கையெழுத்துப் போட்டார்.

வராந்தாவில் பரணியிடம் வெற்றிச் செய்தியைச் சொன்னேன். ஆயுள் தடையைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்த கதையை விரல் விரலாகச் சொன்னேன். கடைசியில் போகிற போக்கில் கொசுறையும் சொன்னேன்.

அவன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

“அந்த முப்பது செகண்டுக்குத்தாங்ணா நான் கபடியே ஆடறேன்,” என்றான். “அதைக் குடுத்துட்டு எதைங்ணா வாங்கிட்டு வந்தீங்க?”

இருபது நிமிடம் முன்னால்தான் அதே வராந்தாவில் அதே சொல்லைச் சொல்லியிருந்தான். விரலைப் பிடித்ததும் எனக்கு எண்ணிக்கை மட்டும்தான் நினைவிருந்தது. பாலுக்காக மாடு வாங்கப் போய், விலையைக் குறைத்த குஷியில் காளையை ஓட்டிக்கொண்டு வருகிறவர்கள் எங்கள் குடும்பத்தில் முன்பும் உண்டு. கை விட்ட பேரத்தை மறுபடி திறக்க முடியாது. சந்தையில் அப்படிக் கேட்டால் அடுத்த வாரம் யாரும் கை கொடுக்க மாட்டார்கள்.

மறுநாள் காலை இட்லி என்று அந்தத் தீவில் எதையோ வைத்திருந்தார்கள், அதைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். கோர்மெத் ஓடிவந்தார். மூன்றடிக்கு முன்னால் சடாரென்று நின்றார். சாப்பாட்டுக் கூடத்துத் தட்டுச் சத்தத்தில் ஈக்குப் பேச்சுப் பிடிபடாது, கண் மட்டும்தான். முகம் வெளுத்திருந்தது. போனை நீட்டினார்.

“கேசு வந்துருக்குதுங்க. நம்ம ரெண்டு பேரு மேலயும்.”

வெர்தானியச் சட்டம் 212. ஓர் ஆணின் கையை இன்னோர் ஆணோ, ஒரு பெண்ணின் கையை இன்னொரு பெண்ணோ நான்கு நொடிக்கு மேல் பற்றியிருத்தல். முதல் எதிரி கோர்மெத், இரண்டாம் எதிரி சென்னியப்பன். பற்றியிருந்த நேரம் பதினோரு நிமிடம் இருபது நொடி. ஈக்குத் துணி ஒரு பொருட்டில்லை. அது உடம்புச் சூட்டைப் பார்க்கிறது. பேச்சுக்குத்தான் கத்தும், தொட்டதைச் சத்தமில்லாமல் பதிந்துகொள்ளும்.

பொள்ளாச்சியில் ஆயிரம் கையைப் பிடித்தவன் நான். அது ஓர் ஆணின் கை என்பது அந்தப் பதினோரு நிமிடத்தில் எனக்கு ஒரு தடவைகூடத் தோன்றவில்லை.

“ரத்து பண்ணிருங்க,” என்றேன்.

“முடியாதுங்க. மனுசக் கை படாத நீதின்னு நாங்கதான் ஒலகம் பூராப் பீத்திக்கிட்டோம்.”

“வெலை பேசினோம்னு சொல்லிருங்க.”

“எதை வெலை பேசினேன்னு கேக்குமுங்க. நாட்டுச் சட்டத்தை மறைவா வெலை பேசினா தேசத் துரோகம். இருபது வருசம். பேசலைன்னு சொன்னா, சும்மா கையப் புடிச்சுட்டு இருந்தோம்னு ஆகுமுங்க. அது பதினாலு.” அவர் நாற்காலியில் விழுந்தார். “ஆறு வருசம் கம்மிங்கறதுக்காக, நான் உங்களை விரும்பறேன்னு ஒத்துக்கச் சொல்றீங்களா?”

“நேத்து அந்தத் தம்பி இதே தராசுலதானுங்க நின்னுட்டு இருந்தான்,” என்றேன். “அவன் கூடுதலா இருக்கற தட்டைப் புடிச்சுக்கத் தயாரா இருந்தான், இன்னொருத்தனைக் காப்பாத்த.”



நடுவில் சுலோச்சனாவின் போன். செய்தி அதற்குள் ஊருக்குப் போயிருந்தது.

“பதினோரு நிமிசமா?” என்றாள்.

“தொழிலு சம்பந்தமாத்தான்...”

“கல்யாணமாகி இருபத்தாறு வருசத்துல எங்கையை எல்லாம் சேத்துப் பதினோரு நிமிசம் புடிச்சிருப்பீங்களா?” வைத்துவிட்டாள். அந்த வழக்கில் எனக்கு வாதமே இல்லை.

கோர்மெத்தைப் பார்த்தேன். கை விட்ட பேரத்தைத் திறக்க முடியாதுதான். புதிய பேரத்தைத் தொடங்கத் தடையில்லையே.

“ஏனுங்க, போட்டி முடியற வரைக்கும் சட்டத்துல விளக்கக் குறிப்பு சேக்கற அதிகாரம் உங்களுக்கு உண்டல்லங்க? ஆட்டத்துக்கு ஆட்டம் சேத்தறோமே?”

“உண்டுங்க. பிற்பாடு நாடாளுமன்றம் எடுக்கலைன்னா அப்படியே நின்னுக்கும். அவங்க எதையும் எடுக்கறதில்லைங்க, படிச்சாத்தானுங்களே எடுக்க.”

“212க்கு ஒரு குறிப்பு எழுதுங்க. துண்டு போட்டு மூடியிருந்தா, அது மாட்டு வியாபாரம். வியாபாரத்துக்கு நேர வரம்பு கிடையாது, வெலை படியற வரைக்கும் கை புடிச்சிருக்கலாம். முந்தா நேத்து தேதியிலிருந்து செல்லும்.”

அவர் கண்ணில் உயிர் வந்தது. போனில் தட்டத் தொடங்கினார். “கோர்மெத், சென்னியப்பன் ஆகிய இருவருக்கும்...”

“நிறுத்துங்க. நம்ம ரெண்டு பேருக்கு மட்டும்னு போட்டா அதுவே வாக்குமூலம்ங்க. எல்லாருக்கும்னு போடுங்க.”

“எல்லாருக்குமா? அப்ப அந்த ரெண்டு பசங்களும்...”

“அவங்களுக்குந்தான். ஆம்பளை, பொம்பளை, கெழவன், கொமரி எல்லாத்துக்கும். அதோட நேத்துக் குடுத்த கொசுறையும் திருப்பிக் குடுத்துருங்க. நாளைக்கு ரெண்டு பேரும் களத்துல எறங்கோணும். இல்லீன்னா நான் போயி, கோர்மெத் எங்கையை ஆசையாத்தான் புடிச்சாருன்னு சாட்சி சொல்லுவேன். எங்கூட்ல ஏற்கெனவே மானம் போச்சு, எனக்கொண்ணும் நட்டமில்லை.”

என்னை முறைத்தார். பிறகு எழுதினார். சட்டப் புரோகிராம் ஒரே ஒரு கேள்வி கேட்டது: வியாபாரம் செய்கிறவர்களுக்கு உரிமம் வேண்டாமா? மாட்டுத் தரகர் உரிமம் என்று ஒரு படிவம் அந்த இடத்திலேயே பிறந்தது. முதல் இரண்டு உரிமம் எங்களுக்கு. எங்கள் மீதான வழக்கு அடுத்த நொடி மறைந்தது. மூன்றாவதும் நான்காவதும் பரணிக்கும் இலியானுக்கும் போயின.

இறுதி ஆட்டம். பரணியின் முதல் ரெய்டு. இலியான் வழக்கம்போல் பாய்ந்து கணுக்காலைப் பிடித்தான். பரணி கீழே விழுந்தான். அரங்கம் “வித்துட்டான் வித்துட்டான்” என்று ஊளையிட்டது. நானும் எண்ணத் தொடங்கினேன்: ஒன்று, இரண்டு...

மூன்றில் பரணி காலை ஒரு சுழற்றுச் சுழற்றி உருவினான். உருண்டான். கை நீட்டிக் கோட்டைத் தொட்டான். புள்ளி! இலியான் மண்ணில் முழங்காலிட்டு, வெறுங்கையைப் பார்த்து ஒரு கணம் திகைத்து, பிறகு வாய்விட்டுச் சிரித்தான். களத்தில் கிடைப்பதை நம்பி அவர்கள் இனிப் பிழைக்க வேண்டியதில்லை. அன்றைக்கு இருவரும் பேய் பிடித்த மாதிரி ஆடினார்கள். நாங்கள் ஒரு புள்ளியில் தோற்றோம். அந்த ஒரு புள்ளி இலியான் எடுத்தது. பரணியை மல்லாக்கத் தள்ளி, நெஞ்சில் முட்டி வைத்து.

பரிசளிப்பு மேடையில் முதலிடமும் இரண்டாமிடமும் பக்கத்துப் பக்கத்துப் படி. வெர்தானியக் கீதம் ஒலித்தபோது பரணி தோளிலிருந்து துண்டை எடுத்து உதறி, நடுவில் போட்டான். துண்டுக்கடியில் இரண்டு கை போயின. ஈக்கள் பறந்து வந்து, பார்த்து, உரிமத்தைச் சரிபார்த்து, போய்விட்டன. கீதம் நான்கு நிமிடம்.

“என்ன நடக்குதுங்க அங்க?” என்று காதில் வர்ணனையாளர் கேட்டார்.

“மாட்டு வியாபாரமுங்க,” என்றார் இன்னொருவர். “இன்னும் வெலை படியலையாட்ட இருக்குது.”

ஹில்டே அம்மா மட்டும் எழுந்து கைதட்டினார். பிறகு என்னிடம் வந்து, காதலைப் போய் மாட்டுத் தரகாக்கிவிட்டீர்களே, இது கேவலமில்லையா என்று சண்டைக்கு நின்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அவர் நாட்டு வானவில் பட்டையிலும் நியாயம் இருந்தது. ஆனால் அது அவர் மூன்றடியைத் தாண்டவில்லை.

பரணியிடம் கேட்டேன், திருப்திதானா என்று.

“சந்தோசந்தாங்ணா,” என்றான். “மத்தவங்க கை புடிச்சா கல்யாணம். நாங்க புடிச்சா மாட்டு யாவாரம். இப்போதைக்கு யாவாரமே இருக்கட்டும். ஆனா ஒருநா அந்தத் துண்டை எடுக்கோணும்ங்ணா.”

ஒரு வருடம் கழித்துக் கோர்மெத் போன் செய்தார். மொழிபெயர்ப்புக் கருவியை நான் மாற்றவில்லை. அதே ஈரோட்டுக் குரல்.

“சென்னியப்பன், ஒரு விசயம் புரியலீங்க. எங்க நாட்டுல மொத்தமே நானூறு மாடுதானுங்க. மாட்டுத் தரகர் லைசென்சு எத்தனை பேரு வாங்கியிருக்காங்க தெரியுங்களா? நாப்பத்தோராயிரம் பேரு.”

“யாவாரம் நல்லாப் போகுதுங்களா?”

“நிதி மந்திரி பூரிச்சுப் போயிட்டாருங்க. மாட்டு வளர்ப்புல நாடு முன்னேறுதுன்னு பேசிட்டு இருக்காரு. ரெண்டு ரெண்டு பேரா வந்து படிவம் எழுதறாங்க. பார்க்குல, பஸ்சுல, எங்க பாத்தாலும் துண்டுதானுங்க. ஆனா இந்த வருசம் பூரா ஒருத்தருக்கும் வெலை படியலை. ஒரே ஒரு மாடு கைமாறலைங்க.”

“பேரம்னா அப்படித்தானுங்க. சிலது இழுக்கும்.”

அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. தொண்டையைச் செருமினார்.

“அந்தத் துண்டு பருத்தியாத்தான் இருக்கோணுங்களா? இங்க பனி ஜாஸ்திங்க.”

“யாருக்குங்க?”



“எம் மகளுக்குங்க. அவளும் அவகூடக் காலேஜுல படிச்ச பொண்ணும் லைசென்சு வாங்கியிருக்காங்களாமா. நேத்துத்தான் சாப்பிடறப்ப சொன்னா. நான் ஒண்ணும் சொல்லலீங்க. மாட்டு யாவாரந்தானுங்களே.”

“சென்னிமலையிலிருந்து கனமா ஒண்ணு நெய்யச் சொல்லி அனுப்பறேங்க. என்ன அளவுல வேணும்?”

“நல்லா அகலமாவே அனுப்புங்க,” என்றார் கோர்மெத். “அதுக ரொம்ப நாளைக்குப் பேசுமாட்ட இருக்குது.”